மாப்பிள்ளைக்குப் பிரசவம்

கள்ளக்குறிச்சி
24.11.2024

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், நம் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறாள். டப்ளினில் நீ எப்படி இருக்கிறாய், குளிர் தொடங்கிவிட்டதா. இருக்கிறாள் என்று எழுதியது கை தவறி இல்லை, மேலே படி. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உன் அப்பா பிடுங்கித் தன் பெருமையைப் பேச ஆரம்பித்துவிடுவார், அதனால் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும் பெண்ணிடம் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நர்சிங் படிக்கும்போது நீ வாங்கி வந்த கொண்டை வைத்த காக்டெயில் கிளிக்கு, வருகிற வரனையெல்லாம் வேண்டாம் என்கிறாய், இனி இதுதான் எனக்கு மாப்பிள்ளை என்று உன் அப்பா பேர் வைத்தாரே, அந்தப் பேர் இந்த வாரம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மாப்பிள்ளை கம்பியில் உட்காராமல் கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு கிடந்தது. சீட்டி இல்லை, தீனியைத் தொடவில்லை. நான் பயந்துபோய்ச் சொன்னதற்கு உன் அப்பா, வெயில் ஏறினா சரியாப் பூடும், குருவிக்கெல்லாம் யாராவது டாக்டராண்ட போவாங்களா என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். நமக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டு டாக்டர்தானே, நானும் சும்மா இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பார்த்தால் மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குகிறது, கண்ணைத் திறக்கவில்லை. நீ ஊருக்குப் போகும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டு விமான நிலையத்தில் அழுதது நினைவுக்கு வந்து நானும் அழுதுவிட்டேன்.

அப்போதுதான் உன் அப்பா பறவைக் கடை தமிழழகனுக்கு அனுப்ப வேண்டிய வாய்ஸ் மெசேஜைக் கண்ணாடி போடாமல் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். மாப்ளைக்கு ரொம்ப முடியலப்பா, மூச்சு வாங்குது, விஜயா அழுதுகினு கீறா, சீக்கிரம் ஒரு வழி சொல்லு என்று. அதை யார் கேட்டது என்கிறாய், நைனார்பாளையத்துப் பச்சையம்மாள் அத்தை. உன் சித்தப்பா பேத்திக்கு நம் வீட்டில் வைத்த காதுகுத்துப் பத்திரிகையில் தன் பேர் விட்டுப்போனதிலிருந்து உன் அத்தை நம் வாசலை மிதித்தே நாலு வருடம் ஆகிறது, உன் பறவையையும் தெரியாது அதன் பேரும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து நின்றாள். அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணினு எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, அது கெடக்கட்டும், மாப்ள எந்த ரூம்ல படுத்துகினு கீறாரு என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உன் அப்பா கூண்டைக் காட்டினார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உன் அத்தை என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே. ஆனால் பறவையைக் குனிந்து பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. இத்த வச்சிகினு இன்னும் இன்னா பேசிகினு கீறீங்க, கெளம்புங்க என்று அவளே ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுத் துணி விரித்துவிட்டாள்.

தமிழழகன் சொல்லிச் சங்கராபுரத்தில் பறவை, முயல் இதற்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜெயசுதாவிடம் நானும் அத்தையும் போனோம். பஸ்ஸில் வழி முழுக்க அத்தை பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. அங்கே பல் வளர்ந்துபோன முயலும், கண் வீங்கிய ஆமையுமாக வரிசையில் பத்துப் பேர். கல்வராயன் மலையிலிருந்து பெருமாயி என்ற அம்மா வான்கோழியைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸுக்கே வந்து முதல் டோக்கன் வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, என்னுது காலத்தான் நொண்டுது, உங்களுதுக்கு மூச்சே வாங்குது, நீங்க முன்ன போங்க என்று டோக்கனை என் கையில் திணித்தார்கள். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். வயிற்றை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஆணுன்னு யாரும்மா சொன்னது, உள்ள முட்டை சிக்கிகினு வெளிய வர முடியாம தவிக்குது என்றார். மஞ்சள் வெள்ளை நிறத்துப் பறவையில் ஆண் பெண் கண்டுபிடிப்பது கஷ்டமாம். ஜோடியே இல்லாம எப்டிம்மா என்று அத்தை சந்தேகமாகக் கேட்டாள். பண்ணைக்கோழி போடறதில்லையா, அந்த மாதிரிதான் என்றார் டாக்டர். பிறகு, கூண்டில் கடல்நுரை வைத்திருக்கிறீர்களா, சுண்ணாம்புச் சத்து குறைந்தால்தான் முட்டை இப்படி நின்றுபோகும் என்று கேட்டார். உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ மாட்டிவிட்டுப் போனாயே வெள்ளையாக, அது கணவாய் மீனின் ஓடு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புரட்டாசி மாதம் கவிச்சி வேண்டாமே என்று எடுத்துப் பரணில் வைத்தேன், மாதம் முடிந்து நாங்கள் மீன் குழம்பே சாப்பிட்டுவிட்டோம், அதற்கு மட்டும் திருப்பி மாட்ட மறந்துவிட்டேன். குற்றம் முழுக்க என்னுடையது. டாக்டரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டு, பல்பு வெளிச்சமும் ஈரத்துணியுமாக வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, முட்டை வழுக்கி வர மருந்து தடவி, ஒன்றரை மணி நேரம் பார்க்கலாம், அதற்குள் வராவிட்டால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

அந்த ஒன்றரை மணி நேரம் நானும் உன் அத்தையும் பெஞ்சில் கையைக் கோத்துக்கொண்டு பிரசவ வார்டில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தோம். நாலு வருடக் கோபம் எங்கே போனதென்று எங்களுக்கே தெரியவில்லை. பன்னிரண்டே கால் மணிக்கு டாக்டர் கதவைத் திறந்து, வந்திடுச்சு என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், நெல்லிக்காயைவிடச் சின்னதாக வெள்ளை முட்டை. அத்தை ஓவென்று அழுதாள், வான்கோழிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்ற பெருமாயி அம்மா சிரித்தார்கள். நம் அட்டையில் பெயர் மாப்பிள்ளை, பாலினம் பெண் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு போட்டுப் பத்தியம் வைக்கிறேன் என்று அத்தை கிளம்பியதைத்தான் தடுக்க வேண்டியிருந்தது, பறவைக்குப் பூண்டு விஷமாம். இப்போது தினை, முருங்கைக்கீரை, கடல்நுரை எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. ஹார்லிக்ஸை உன் அப்பா குடிக்கிறார்.

டாக்டர் சொன்ன ஒன்றுதான் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. பறவைகள் நோவை வெளியே காட்டாதாம். கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் ஆபத்து என்று கடைசி வரைக்கும் நன்றாக இருப்பதுபோலவே நிற்குமாம், நமக்குத் தெரியும்போது நோவு பாதிக்கு மேல் முற்றியிருக்குமாம். அதனால் அதன் முகத்தை நம்பாதீர்கள், தினமும் காலையில் எடை போட்டு எழுதி வையுங்கள், குறைந்தால் உடனே வாருங்கள் என்றார். அப்பா சமையலறைத் தராசில் அவளை நிறுத்திக் காலண்டரில் எழுதுகிறார். புதன்கிழமை எண்பத்து நாலு கிராம், இன்றைக்குத் தொண்ணூற்று ஒன்று. போன தை மாதம் உனக்கு எட்டு நாள் காய்ச்சல் என்று உன்னோடு தங்கியிருக்கும் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த எட்டு நாளும் நீ போனில் நல்லா கீறேம்மா என்றுதான் சொன்னாய், நானும் நம்பிப் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, பொடியில் நெய் ஊற்றிச் சாப்பிடு. எல்லா நலமும் பெற்று நூறு வயது வாழ வேண்டும் கண்ணு. இனிமேல் நல்லா கீறேன் என்று மட்டும் சொல்லாதே. உன் எடை எவ்வளவு என்று எழுது.

உன் அன்பு அம்மா,
விஜயலட்சுமி