சீமை எலிக்கு ஒரு முற்றம்

அக்கா,

இன்று காலை பட்டறையில் பழைய சல்லடை வலை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். தேயிலை ஸ்டோரில் தூள் சலித்துச் சலித்துத் தேய்ந்து, வேண்டாம் என்று தூக்கி எறிந்த கம்பிவலை. எத்தனை மழையில் கிடந்தாலும் அதன் கண்களில் இருந்து தூள் வாசனை போகாது. கத்தரியை வைத்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

நீங்கள் இருந்தபோதே உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இப்போது நான் எழுதுவதை யார் உங்களுக்குப் படித்துக் காட்டப்போகிறார்கள்? ஆனாலும் எழுதுகிறேன். வாயால் சொல்லக் கிடைத்த வருஷங்களையெல்லாம் வீணாக்கியவனுக்கு வேறு வழி இல்லை.

வலை எதற்கு என்று கேட்பீர்கள். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி தம் பிள்ளைகளுக்கு நான்கு சீமை எலி வாங்கியிருக்கிறார். "ஆசாரி, ஒரு பொட்டி அடிச்சுக் குடுங்க. கடைக்குப் பின்னால சந்துல வச்சுக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சந்துல சாக்கடைத் தண்ணி ஓடுது. புல்லு ஒண்ணு கெடையாது. அங்க வச்சா மூணு நாள் தாங்காது. காலையில வெயிலும் மத்தியானம் நெழலும் விழற எடம் எதுங்க இருக்கு ஒங்ககிட்ட?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் கேள்வி உங்களுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது நமுனுகுல மலைச்சரிவில் அந்தத் தோட்டத்தில் நான் தச்சன். நீங்கள் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் களை பிடுங்குகிறவர். வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகளைப் பூனாகலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையான காம்பராவைச் சாக்குப்படுதாவால் இரண்டாக்கி, ஒரு பாதியில் நீங்களும் மறுபாதியில் இன்னொரு குடும்பமுமாக இருந்தீர்கள். மகள் இருக்கும் தோட்டத்திலேயே போய்ப் பேர் பதிந்துகொள்ள வேண்டும்; உங்களுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்குப் பத்துச்சீட்டு வேண்டும். துரை கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் இல்லாமல் வேறு எந்தத் தோட்டத்திலும் ஆளை எடுக்கமாட்டார்கள். சொல்லாமல் ஓடினால் பிடித்துவந்து சிறையில் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், மற்ற எல்லாரும் அந்தக் காகிதத்துக்குப் பயந்து செத்தார்கள். கேட்காமல் அது கைக்கு வந்தால் வேலையும் லயமும் அன்றோடு போச்சு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரம் கழித்து வந்தாலோ, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலோ, "பத்துச்சீட்டு குடுத்துருவேன்" என்பதுதான் துரையின் அதட்டல். அதைத் தாருங்கள் என்று தானாகக் கேட்டுப் போன ஒரே ஆள் நீங்கள். கங்காணியும் சரி என்றுவிட்டார். துரையும் "அடுத்த மாசம்" என்றார். அந்த அடுத்த மாதத்தில்தான் எலிகள் வந்து சேர்ந்தன.

எலி என்று யாருக்குத் தெரியும்? துரை எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு கிளாக்கர் என் பட்டறைக்கு வந்தார். மகனுக்காகக் 'கினி பிக்' மூன்று வருகிறது, வெளியே ஒரு வீடு கட்டவும் என்று இங்கிலீஷில் இருந்தது. "பிக்குன்னா பன்னி. கினின்னா தங்கக்காசு. வெல கூடுன சாதிப் பன்னி போலருக்கு. பலமா கட்டணும் ஆசாரி" என்றார். பலமாகத்தான் கட்டினோம். பங்களாவுக்குக் கீழே, ஓடைப் பக்கம், நெஞ்சு உயரத்துக்குக் கருங்கல் சுவர், கல் தளம், சாணம் கழுவிவிட வாய்க்கால். கதவு என் கைவேலை. ஒரு எருமை முட்டினாலும் அசையாது.

மாட்டுவண்டியில் பெட்டி வந்து இறங்கியபோது பங்களா ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். மூடியைத் திறந்தால் உள்ளே தேங்காய் மூடி அளவில் மூன்று பிராணிகள் மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. கிளாக்கர் மேலே வானத்தைப் பார்த்தார். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். "ஆசாரித் தம்பி, இதுங்க முட்டுனா ஒங்க கதவு தாங்குமா?" என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கட்டியதை இடிக்கத் துரைக்கு மனம் இல்லை. அதிலேயே விடச் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ளும் வேலையைத் துரையின் மனைவி, துரைசாணி, உங்கள் தலையில் கட்டினார். மார்கழி மழை. கல் தளம் இரவும் பகலும் ஈரம் கசிந்தது. மூன்றாம் நாள் ஒன்று விறைத்துக் கிடந்தது. துரை சீட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். "இந்த ரெண்டும் நல்லா வரட்டும். அப்புறம் சீட்டு."

மறுநாளே பட்டறைக்கு வந்து நின்றீர்கள். "தம்பி, இதுங்க பொழைக்கணும். அப்பத்தான் நான் போக முடியும். ஒரு பொட்டி செஞ்சு குடுங்க" என்றீர்கள். பெட்டி என்ன பெரிய காரியம், அரை நாள் வேலை என்று நினைத்தேன். நீங்கள் என்னை அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பங்களாவைச் சுற்ற வைத்தீர்கள். முன் புல்தரையில் உட்கார்ந்து பார்த்து, "இங்க மத்தியானம் கொதிக்கும்" என்றீர்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் புகை. பலாமரத்தடியில் மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் கிழக்குப் பக்கம், உயர்ந்த செடிவேலி காற்றை மறைக்கும் மூலையில், கொய்யா மரத்துக்கு அருகே போய்க் குந்தினீர்கள். வெயில் நகரும் வரை எழுந்திருக்கவே இல்லை. "காலையில வெயில், உச்சியில நெழல். தண்ணி நிக்காது. இங்கதான்" என்றீர்கள். வீடு பார்க்க வந்த சம்பந்தி கூட இத்தனை பார்க்கமாட்டார் என்று முணுமுணுத்தேன். உங்கள் காதில் விழுந்தது, கண்டுகொள்ளவில்லை.

தேயிலைப் பெட்டிப் பலகையில், இடுப்பு உயரக் கால்கள் வைத்துக் கூடு செய்தேன். மழைக்கு உள்ளே ஈயத்தகடு அடிக்கலாம் என்றேன். "எல்லாத்தையும் கடிச்சுப் பாக்குதுங்க. ஈயத்தக் கடிச்சா என்னாகும்?" என்று தடுத்துவிட்டீர்கள். கூரை வெளியே சாய்வாக நீண்டது. முன்பக்கம் பழைய சல்லடை வலை. இராத்திரி தூங்க அது. பகலில் ஓடியாட வேறு ஒன்று கேட்டீர்கள். அடியில் பலகை இல்லாமல், நாலு பக்கமும் மேலும் வலை அடித்த ஒரு நீளச் சட்டம். கீழே மூங்கில் சறுக்கு வைத்தேன். தினமும் காலையில் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் புதுப் புல்லின்மேல் வைப்பீர்கள். மேல்வலை பருந்துக்கு. அடிச்சட்டத்தைக் கனமாக வைத்தது கீரிக்கு. எல்லாம் முடிந்தது என்று கையைத் துடைத்தபோது, உடைந்த பானை ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே சாய்த்து வைத்தீர்கள். "ஒளிய எடம் இல்லாதது பயத்துலயே செத்துரும் தம்பி."

அந்தச் சட்டத்துக்கு நீங்கள் வைத்த பேர் முற்றம். பத்தடி நீளம், ஆறடி அகலம். முழக்கோலை மடக்கும்போது உறைத்தது. உங்கள் பாதிக் காம்பராவின் அளவும் அதுதான். வாய் சும்மா இராமல் சொல்லியும்விட்டேன். நீங்கள் வருத்தப்படவில்லை. "ஆமா. ஆனா என்னைய யாரும் தெனம் புதுப் புல்லுக்கு இழுத்து வைக்கலியே" என்றீர்கள்.

எலிகள் நன்றாக வந்தன. அதுதான் வினை. இரண்டு ஐந்தாயின, ஐந்து பதினொன்றாயின. நீங்கள் சீட்டுக் கேட்டுப் போனீர்கள். "நீ மாதிரி யாரும் பார்க்க முடியாது" என்றார் துரைசாணி. நல்ல வார்த்தைதான், சிரித்த முகத்தோடுதான் சொன்னார். இன்னொரு தடவை போனீர்கள். குட்டி போட்டிருக்கிறது, இப்போது எப்படி என்றார்கள். மூன்றாம் தடவை துரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரும்பி வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்தீர்கள். "ஒழுங்காப் பாக்காட்டி போக முடியாது. ஒழுங்காப் பாத்தாலும் போக முடியாது. நான் என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டீர்கள். ஆத்திரத்தில் பலகையை இழைத்து இழைத்து வீணாக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் பூனாகலைக்குக் கல்யாணத்துக்குப் போன ஒருத்தி சேதி கொண்டுவந்தாள். உங்கள் மகளுக்கு ஐந்து மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அம்மா ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டும் என்று அழுகிறாள். போக ஒரு பகல், வர ஒரு பகல். அந்த இரண்டு நாளும் எலிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆசாரிக்கு ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று துரைசாணி மறுத்துவிட்டார். நீங்கள் மறுபடி புல் அறுக்கப் போனீர்கள். உங்கள் முதுகைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மத்தியானம் நீங்கள் வல்லாரை பறிக்க ஓடைப் பக்கம் போயிருந்தீர்கள். முற்றத்துச் சின்னக் கதவில் நான் செருகியிருந்த மரமுளையைப் பிடுங்கி, கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுப் போனேன். செய்தது நான்தான் அக்கா. என் கணக்கு இதுதான்: நம் தோட்டத்தில் தப்புச் செய்தவனுக்குக் கொடுப்பது பத்துச்சீட்டு. எலிகள் போனால் துரைக்குக் கோபம் வரும். கோபத்தில் சீட்டை வீசுவார். நீங்கள் பொறுக்கிக்கொண்டு அன்று மாலையே நடந்துவிடலாம். எவ்வளவு கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் கதவைச் சரிபார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டை வாய்க்கால் ஓரம் கீரி கடித்துப் போட்டிருந்தது. மற்ற ஒன்பதும், கதவு திறந்து கிடந்தும் வெளியே வராமல், உடைந்த பானைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. துரையின் மகன் அழுதுகொண்டிருந்தான். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"நாந்தாங்க மறந்துட்டேன்" என்றீர்கள்.

துரை நிதானமாகப் பேசினார். "நீ மறக்க மாட்டாய். வேணும் என்று செய்தாய். உனக்கு சீட்டு வேணும். அதுதான் தர மாட்டேன்."

முளை என் மடியில் இருந்தது. நான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பயந்தேன். வேலை போகும் என்று பயந்தேன், சிறைக்குப் பயந்தேன். கதவின் கீலைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்கு வந்தீர்கள். தரையில் கிடந்த மரச்சுருளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். "கொஞ்சம் இறுக்கமான தாழ்ப்பாளா ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி. வெளியாளு கை வச்சா தெறக்கக் கூடாது." உங்களுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. இரும்பில் செய்து கொடுத்தேன். நான் செய்த தாழ்ப்பாள்களில் அதுபோல் இன்னொன்று அமைந்ததில்லை. ஒன்றரை வருஷம் அது உங்களைப் பிடித்து வைத்தது. துரை குடும்பத்தோடு சீமைக்குப் போனபோதுதான் விட்டார்கள். அப்போதும் எலிகளை வாங்கிக்கொண்ட அப்புத்தளைத் துரை, பார்த்துக்கொள்ளும் பொம்பிளையும் கூட வருவாளா என்று கேட்டாராம்.

பிறகு நானும் பதுளைக்கு வந்து பட்டறை போட்டேன். நீங்கள் பூனாகலையில் மகளோடு சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்று நாளைக்கு முன் உங்கள் மகள் ரயிலில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். உங்கள் முகவாய் அப்படியே அவளுக்கு. "அம்மா போன மாசம் தவறிருச்சு. ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுச்சு" என்றாள். நான் முக்காலியை நகர்த்திப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"நான் கூப்பிட்டப்ப அம்மா வரல. அப்புறம் வந்தப்ப, இப்ப எதுக்கு வந்தேன்னு கேட்டுட்டேன். இத்தன வருஷம் ஒரே காம்பராவுல இருந்தோம். நான் முகங்குடுத்துப் பேசல. ஏன் வரலன்னு கேட்டா, வேல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும். ஒங்களுக்குத் தெரியுமாமே. அது என்ன வேலைங்க?"

முதலாளிக்காக நான் பாதி செய்து வைத்திருந்த முற்றம் தரையில் கிடந்தது. அதைக் காட்டினேன். அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குந்தினாள். சின்னக் கதவுக்குள் கையை விட்டு, முழங்கை வரை நீட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா எங்கம்மா இருந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கிளாக்கரின் பன்றியில் தொடங்கித் துரையின் கடைசி வார்த்தை வரை. முளையைப் பிடுங்கியது யார் என்பதையும் சொன்னேன். ஆயுதப் பெட்டியின் அடியில் கிடந்த அந்த முளையைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தேன். விரல் நீளம்தான் இருக்கும், கொய்யா மரம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் உள்ளங்கையிலேயே அதைத் திருப்பி வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள்.

முதலாளி வீட்டு முற்றம் இன்று முடிந்தது. கடைக்குப் பின்னால் சந்தில் வைக்கப்போவதில்லை. வீட்டுக்குக் கிழக்கே ஒரு மாமரம் இருக்கிறது, காலை வெயில் விழுகிறது, நான் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உள்ளே ஒரு உடைந்த பானையும் சாய்த்து வைத்திருக்கிறேன். கதவுக்கு முளை வேண்டும். பழையது அளவாக இருந்திருக்கும். ஆனால் கை வரவில்லை. புதிதாக ஒன்று சீவிச் செருகினேன். பழையது என் மடியில் இருக்கிறது அக்கா. குனிந்து நிமிரும்போதெல்லாம் குத்துகிறது.