எனக்காகப் பிணை நின்றவளுக்கு

இன்று காலையும் யாழ்ப்பாணம் போகும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் நின்றபடியேதான் வேலைக்குப் போனேன். கிளிநொச்சிக்கு வரும்போதே நிறைந்திருக்கும்; பாதிப் பேர் கம்பஸ் பிள்ளைகள். பரந்தனில் ஒரு கடை ஜெனரேட்டரின் மண்ணெண்ணெய்ப் புகை யன்னலால் உள்ளே வந்தது. அந்த மணத்தோடு நீயும் வந்தாய்.

ஸ்கந்தபுரத்தில் நாம் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்த காலம். டீசல் வராத அந்த வருடங்களில் ஒரு மினிபஸ் மண்ணெண்ணெயில் ஓடியது. நின்றுவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அதற்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தவள் நீ.

பல்கலைக்கழகக் கடிதம் நம் இருவருக்கும் ஒரே கிழமையில் வந்தது. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய உன் குடும்பத்தில், அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நீ. உன் அப்பா அந்தக் கடிதத்தை வயலுக்கும் கொண்டு திரிந்தாராம்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பும்வரை அவர் வன்னியை விட்டு அசைய முடியாது. உனக்கு அப்பா இருந்தார். தாய் தகப்பன் இல்லாத எனக்கு மாமா மட்டும்தான். தானும் வெளிக்கிடும் எண்ணத்தில் இருந்த அவர் மறுத்துவிட்டார். பாஸ் கந்தோர் வாங்கில் இருந்து அழுதேன். நீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்:

"நான் கையெழுத்து வைக்கிறன். நீ முதல் லீவுக்கு வந்தியெண்டா நான் வெளிக்கிடுவன். பிந்திச் சேர்ந்தாலும் கம்பஸில எடுப்பினம். பிறகு உனக்குப் பிணைக்கு வேற ஆரையும் பிடிப்பம்."

நான் ஏறிய அன்று மினிபஸ்ஸைப் பின்னால் நின்று தள்ளியவர்களில் நீயும் ஒருத்தி. சோதனைச் சாவடிகள், வவுனியா முகாம், திருகோணமலைக் கப்பல் எல்லாம் கடந்து நான் யாழ்ப்பாணக் கம்பஸ் வாசலுக்குப் போய்ச் சேரப் பதினொரு நாள் ஆனது.

பாதை திறந்தபின் உன் வீட்டுக்கு வந்தேன். மழைக்காலக் காய்ச்சல் உன் மூளைக்கு ஏறிவிட்டதென்றும், மருந்து கிடைக்கவில்லையென்றும் உன் அம்மா சொன்னார். சண்டையால் பாதை பூட்டுப்பட்டதால்தான் வரமுடியவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"படிப்ப முடிச்சிட்டியாம்மா?"

"ஓம் அம்மா."

"அது போதும். அவ கடைசிவரைக்கும் அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

எல்லோருக்கும் அந்தப் பூட்டிய பாதையைத்தான் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். முதல் லீவில் பாதை திறந்துதான் இருந்தது. கப்பலுக்குப் பெயர்கூடப் பதிந்திருந்தேன். உள்ளே வந்தால் திரும்பவும் வெளிக்கிட முடியாமல் போகும் என்று பயந்தேன். கப்பல் போன அன்று விடுதி அறையில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கம்பஸில் சோதனை எழுத இருக்கிறது, அடுத்த லீவுக்கு வருகிறேன் என்று உனக்கு எழுதினேன். சண்டை தொடங்கியது அதற்கும் பிறகுதான்.

நீ அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது. கொப்பித் தாளில் இரண்டே வரி. "அவசரப்படாதை, சோதினையை வடிவாச் செய். நான் இஞ்சதானே நிக்கிறன்."