ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பூட்ஸ்

நவம்பர் 14, வெள்ளி. பார்சிப்பனி, நியூ ஜெர்சி.

குளிருக்கு பூட்ஸ் வாங்கவேண்டும் என்று நண்பன் செந்தில் மாலையில் என்னை மாலுக்கு இழுத்துக்கொண்டு போனான். வருடக்கணக்காக ஒரே ஃப்ளீஸ் ஜாக்கெட்டைப் போடுகிறவன், கடையில் எனக்கு ஃபேஷன் பாடம் எடுத்தான்.

"கறுப்பு வேணாம்டா, இன்டர்வியூக்குப் போற மாதிரி இருக்கும். பிரவுன் ஸ்வேட் எடு. ஜீன்ஸ் கணுக்காலோட நிக்கணும், பூட்ஸ் மேல சுருண்டு விழக்கூடாது."

ஸ்வேட் தோல் பனியில் நனைந்தால் பாழாகிவிடும், அடியில் ரப்பருக்குப் பிடிமானமும் இல்லை என்றேன்.

"ஸ்னோ தள்ளவாடா வாங்கறோம்?" என்று சிரித்தான். வாங்கிவிட்டேன். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

திரும்பி வரும்போது காரில்தான் விஷயத்தைச் சொன்னான். "சண்டே லஞ்சுக்கு வீட்டுக்கு வந்துடு. பிரியாவோட கசின் எடிசன்லேர்ந்து வர்றா. சும்மா பேசிப் பாரு."

பிரியா அவன் மனைவி. என் மனைவி திவ்யா தவறிப்போனபின் எனக்கு இதுதான் முதல் குளிர்காலம். அதற்குள் இவர்களுக்கு அவசரம்.

"உங்க வீட்ல எல்லாரும் ஷூவை கராஜ்லயே கழட்டணும். அவ என் பூட்ஸை எங்கடா பாப்பா?" என்றேன்.

குத்தலாகத்தான் சொன்னேன். அந்த மடையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமால்ல, நல்ல சாக்ஸ் வேணும்" என்று காரை மாலுக்கே திருப்பினான்.

அவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதலாம். ஆனால் எந்தக் கலர் என்று அவன் கேட்டபோது, வாயைத் திறந்து கிரே என்று சொன்னது நான்தான்.