பிர்ரியாவும் முனியப்பன் கெடாவும்

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சசிதரனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மழையும் குளிருமாக நாங்கள் சுகம், மெக்சிகோ வெயிலில் நீயும் சுகமாக இருக்க முனியப்பன் துணை. போனில் பேசினால் உங்கப்பா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் சிநேகிதன் ஷிஜோ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ரோசியோவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை. வேற்றுநாட்டுப் பெண் என்பதைக்கூட விழுங்கிவிட்டார். அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் பிர்ரியா என்று ஆட்டுக்கறியை அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊருக்கே ஊற்றுவார்கள் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னாயே, அதுதான் தொண்டையில் நின்றுவிட்டது. முகூர்த்தத்தன்னிக்குக் கறி வேகற ஊட்டோட நமக்கென்ன சம்பந்தம் என்று டீ ஃபேக்டரி வரை போய்ப் புலம்பினார்.

ஷிஜோ வந்த வாரமே ஒருநாள் அந்தப் பிர்ரியாவை நானே செய்து பார்த்தேன். அவன் கொண்டுவந்த அந்த ஊர்க் காய்ந்த மிளகாயை நீ சொன்னபடியே ஊறவைத்து அரைத்து, பட்டை, கிராம்பு, சீரகம், கொஞ்சம் வினிகர் சேர்த்துக் கறியில் பிசறி, காலையிலிருந்து சிறுதீயில் வேகவிட்டேன். நிறம் என்னவோ குங்குமம்தான், நாக்கில் வைத்தால் காரமே இல்லை. மனசு கேட்காமல் நம் குண்டு மிளகாயில் ஒரு கைப்பிடி வறுத்துப் பொடித்துப் போட்டுவிட்டேன், ரோசியோவிடம் சொல்லிவிடாதே. நீ சொன்ன சோள ரொட்டிக்கு நான் எங்கே போக, சோற்றில்தான் ஊற்றினேன். உங்கப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, ஏம்புள்ள, நம்ம கெடாவெட்டுக் கொழம்பாட்டவே இருக்குதே என்றார். இதுதானுங்க உங்க மருமக ஊட்டுக் கல்யாண விருந்து என்று அப்போதுதான் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வந்தபோது கையில் கயிறு, கயிற்றில் கேத்தியில் வாங்கிய ஒரு கறுப்புக் கெடாக்குட்டி. முனியப்பனுக்கு நேர்ந்து விட்டுட்டேன், முகூர்த்தம் சைவந்தான், அதுல மாத்தமில்ல, மூணாம் நாள் கெடாவெட்டுக்கு அந்தப் புள்ளையோட அம்மாவே வந்து காச்சட்டும் என்கிறார். தினமும் கேரட் தழை போடுவதும் அவர்தான். வீம்பு விட்டு அவரே போன் செய்வார், அதுவரை ஒன்றும் தெரியாததுபோல் இரு.

சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி கண் விழிக்காதே. உனக்கும் ரோசியோவுக்கும் என் ஆசீர்வாதம், அவள் அம்மாவுக்கு வணக்கம் சொல். லீவுக்கு இப்போதே எழுதிக்கொடு, மறந்துவிடாதே. குட்டிக்குக் கொம்பு முளைக்க ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா விஜயா