பதினொரு முறை திறந்த கதவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முதல். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குளிர்கிடங்கில் ஒரு வருடமாக எல்லாம் டிஜிட்டல் என்பது உனக்குத் தெரியும். அறைக்கு ஒரு சென்சார், கதவுக்கு ஒரு சென்சார், எந்தச் சரக்கு எப்போது போக வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். கரண்ட் செலவு குறைந்தது, புதுக் கம்பெனிகள் தேடி வந்தன. என் மகளும் வெளிநாட்டில் இந்தச் சென்சார், கம்ப்யூட்டர் வேலைதான் செய்கிறாள் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். போன மாதம் ஒரு மத்தியானம், நாலாம் அறையில் சரக்கு அடுக்கும் உன் மாமா என் சூப்பர்வைசர் மேஜைக்கு வந்து, "அத்தான், கடைசி மூலையில குளிரே இல்ல, மீன் பெட்டியெல்லாம் நசநசன்னு இருக்கு, ஒரு தடவை வந்து நின்னு பாருங்க" என்றான். நான் திரையைக் காட்டினேன், மைனஸ் பதினெட்டு. "மெஷின் பொய் சொல்லுமாடா, உனக்குத்தான் ரத்தம் சூடாயிடுச்சு" என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டு இறங்கிப் போனான். பிறகுதான் தெரிந்தது, சென்சாரைக் குளிர்விசிறிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள், மூலைக்குக் காற்றே போகவில்லை. மூன்றாம் நாள் கதவுக்கு அடியில் ரத்தத் தண்ணீர் வழிந்த பிறகுதான் நான் உள்ளே போனேன்.

தலைமை ஆபீஸ் அறிக்கை அனுப்பியது. மாமா என்னிடம் வந்து சொன்ன அன்றைக்கு அவனுடைய கதவு அட்டையால் நாலாம் அறை பதினொரு முறை திறந்திருக்கிறது, அதனால்தான் சரக்கு கெட்டது என்று. அந்தப் பதினொரு முறையும் அவன் தனி ஆளாகப் பெட்டிகளைப் பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறான், மகளே. பாதி மீன் பிழைத்ததே அதனால்தான். எல்லாம் தெரிந்தும், என் வேலைக்குப் பயந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். இப்போது வேறெந்தக் கிடங்கும் அவனைச் சேர்ப்பதில்லை, லாரியில் மூட்டை இறக்குகிறான். அத்தை நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை. உன் அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவளுடைய தம்பி அல்லவா.

போன வெள்ளிக்கிழமை மானேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவர் உங்ககிட்ட வந்து சொன்னதுக்குப் பதிவு எதுவும் இல்லையே சார்" என்றாள். அறிக்கை மாறவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து நானும் வர வேண்டாம் என்று கடிதம் வந்துவிட்டது. மாமா வீட்டுக்குப் போனேன், கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டான்.

உன்னைக் குறை சொல்லவில்லை, தாயே. அங்கே அழுக்குச் சட்டையோடு யாராவது வந்து அளவு தப்பு என்று சொன்னால், எழுந்து கூடவே போய்ப் பார்த்துவிடு, அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் மாமாவுக்குப் போன் செய். என் பேச்சை மட்டும் எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா