கோமளவல்லி அம்மாள் கையெழுத்திட்ட படம்

மயிலாப்பூர்,
18-1-1947

தங்களுக்கு நமஸ்காரம். திருச்சியில் தாங்களும் அம்மாவும் சௌக்கியந்தானே? அம்மாவின் இருமலுக்குக் கஷாயத்தை நிறுத்த வேண்டாம். எனக்குப் பள்ளிக்கூட வேலையிலும் விடுதியிலும் ஒரு குறையுமில்லை.

உங்கள் ஆல்பத்தில் வீணை கோமளவல்லி அம்மாள் படம் மட்டும் இல்லையென்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். யார் பெயருக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். உங்கள் பெயரை வாயால் சொல்வேனா? காகிதத்தில் எழுதி நீட்டினேன்.

"திருச்சி சேஷாத்ரியா! நவராத்திரிக்கு முன்னால ஆத்துக்கே வந்து ஒண்ணு வாங்கிண்டு போனாரே, தொலைச்சுட்டாரா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ஆத்துக்காரி" என்றேன்.

"அப்படியா? மயிலாப்பூர்ல ஒருத்தரையும் தெரியாதுன்னாரே!"

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் பட்டது. ஆனால் மை காயும்வரை படத்தை விசிறிக்கொண்டே நின்றாராம் அந்த மனிதர். அப்படி விசிறுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தீபாவளிக்கு வந்தபோது உங்கள் ஆல்பத்தை நானே தூசி தட்டினேன். அந்தப் படம் அதில் இல்லை. யாரிடம் இருக்கிறதோ!

இங்கே பனி அதிகம். என் கறுப்புச் சால்வையும் கொஞ்சம் சாம்பார்ப் பொடியும் வேண்டும். தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள். புதுப் படத்தையும் நான் தபாலில் அனுப்பப் போவதில்லை. விடுதிக்கு வழி தெரியாவிட்டால் கோமளவல்லி அம்மாள் வீட்டில் கேளுங்கள். அடுத்த தெருதான்.

பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

ரங்கநாயகி