இரண்டு ஜாடிகளும் ஒரு சட்டையும்

ஏங்க,

நீங்கள் போய்த் தங்கியிருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பச் சொன்ன சாமான்களை எல்லாம் பெட்டியில் கட்டிவிட்டேன். நீலச் சட்டை மட்டும் பாக்கி. காரணம் ஆராய்ச்சி.

திராட்சையை நசுக்கி ஜாடிகளில் நிரப்பியாகிவிட்டது. கடை ஈஸ்ட் போடவில்லை. மருந்தே அடிக்காத தோட்டம், பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டே சாற்றை ஒயினாக்கிவிடும் என்ற என் பிடிவாதம் தெரிந்ததுதானே. அந்தச் சண்டை இப்போது வேண்டாம். ஆனால் சாறு அசையவே இல்லை. தினமும் காது வைத்துக் கேட்டேன், ஒரு குமிழிச் சத்தம்கூட இல்லை. இப்படியே விட்டால் மொத்தமும் கெட்டுப்போகும்.

பழம் பறிக்க வருகிறவள் சொன்னாள்: "வருஷா வருஷம் அண்ணன்தானே கைய விட்டுக் கலக்குவாரு? அவரு கை படல, அதான் முறுக்கிக்கிட்டு நிக்குது."

சிரித்தேன். பிறகு யோசித்தேன். ஈஸ்ட் துணியிலும் ஒட்டியிருக்கலாம் இல்லையா? கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய உங்கள் சட்டையை, துவைக்காமல் அப்படியே, ஒரு ஜாடியின் வாயில் கட்டினேன். பக்கத்து ஜாடிக்கு வெறும் வெள்ளைத் துணி.

இன்று காலை சட்டை கட்டிய ஜாடி முணுமுணுத்தது! ஓடிப்போய் அடுத்ததில் காதை வைத்தேன். அதுவும் முணுமுணுக்கிறது.

ஆக, உங்கள் சட்டைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெட்டியில் வைத்துவிடலாம் என்று அவிழ்க்கப் போனேன். முடிச்சில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றேன். அவிழ்க்கவில்லை. ஏன் என்பது மட்டும் இந்த ஆராய்ச்சியில் பிடிபடவில்லை.

இரண்டு ஜாடியிலும் கைவிட்டுக் கலக்க வேண்டும். வந்து நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி